வீட்டு மணி ஆறரை

ஜனவரி 11

பெரியவனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் என் இடது முழங்காலும் சௌக்கியம். வலது முழங்காலைப் பற்றிக் கேட்காதே. நீ எப்படி இருக்கிறாய்? கப்பலில் கரண்ட் வேலை பார்க்கிறவன் ஈரக் கையோடு எதையும் தொடக் கூடாது என்று உன் அம்மா எழுதச் சொன்னாள். இத்தனை வருஷமாக அதே வேலை பார்க்கிறவனுக்கு இதை எழுத வேண்டுமா என்றேன். எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

விஷயம் இதுதான். தையல் கூடத்தில் உன் அம்மாவை மாலை ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். மதியம் போனால் வீடு திரும்ப ஒன்பதாகிறது. வேலை கஷ்டம் என்று அவள் சொல்லவில்லை. ஆறரை மணி சீரியல் போய்விட்டதே என்பதுதான் ஒரே குறை. சீரியல் பார்க்கிறவர்களைக் கண்டாலே கேலி செய்த பொம்பளை அவள், உனக்குத் தெரியும். போன வருஷம்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. அந்த நேரத்தில் நான் நடைக்குப் போய்விடுவதால் அது என்ன கதை என்று எனக்குத் தெரியாது. அவளைக் கேட்டாலும் பிரயோஜனம் இல்லை. அதில் வரும் கிழவர் கதாநாயகிக்கு அப்பாவா மாமனாரா என்பதே அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனாலும் ஷிப்ட் மாறியதிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

டிவியில் வருவதைப் பிடித்து வைக்கும் பெட்டி கடையில் இருக்கிறது. விலையைக் கேட்டேன், நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். உன் பழைய கம்ப்யூட்டர் மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது. உன் அம்மா அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கிறாள். அந்தக் கம்ப்யூட்டரையே ரெக்கார்டராக மாற்றலாம் என்று என்னோடு நடைக்கு வரும் பழைய கண்டக்டர் சொல்கிறான். அவன் சொல்வதில் பாதிதான் உண்மையாக இருக்கும். இது எந்தப் பாதி என்று எழுது. போன் செய்யாதே, போனில் எனக்குக் கத்தத்தான் வருகிறது.

இதை முடிக்கும்போது வீட்டு மணி ஐந்து. என் கைக்கடிகாரத்தில், அதாவது ஊர் மணியில், ஐந்தாகப் பத்து நிமிடம் இருக்கிறது. நடைக்குக் கிளம்புகிறேன்.

இப்படிக்கு,
அப்பா


பிப்ரவரி 3

அப்பாவுக்குப் பெரியவனின் வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். கையில் லேசாகச் சூடு பட்டது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம். வலது முழங்காலைக் கேட்கக் கூடாது என்றீர்கள், கேட்கவில்லை. டாக்டரிடம் காட்டினீர்களா என்று மட்டும் கேட்கிறேன்.

கண்டக்டர் மாமா சொன்னது உண்மைப் பாதிதான். கம்ப்யூட்டருக்கு டிவி பார்க்கத் தெரியாது, அதற்கு ஒரு கண் வைக்க வேண்டும். டியூனர் கார்டு என்று கேளுங்கள். கேபிளைச் செருகும் மூக்கோடு ஒரு பச்சை அட்டை தருவார்கள். நம் தெரு ரேடியோக் கடைக்காரரே போட்டுவிடுவார். ஹார்ட் டிஸ்க் பெரிதாக இருக்க வேண்டும், பழையதே போதும். ரெக்கார்ட் செய்கிற மென்பொருளைச் சிடியில் போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். கடைசியில் ஒரு ஒயரால் டிவியோடு இணைத்துவிட்டால் அம்மா எப்போதும் போலத் தன் நாற்காலியிலிருந்தே பார்க்கலாம்.

இன்னொன்று. உள்ளே நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், அது செத்திருக்கும். மாற்றாவிட்டால் கம்ப்யூட்டருக்கு மணி மறந்துபோகும். மாற்றியதும் திரை ஓரத்தில் தெரியும் மணியைச் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து வைத்துவிடுங்கள். பிறகு எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். தினமும் அதுவே விழித்து அதுவே தூங்கிவிடும்.

சின்னவளைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி எழுதக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். மூன்று வருஷமாக நான் மீறவில்லை. தங்கை நலமாக இருக்கிறாள் என்று எழுதினால்தான் மீறியதாகும், ஆகவே எழுதவில்லை. சட்டம் வந்த கதையை நினைப்பது மட்டும் குற்றமாகாது என்று நம்புகிறேன். யாரிடமும் கைநீட்டாத நீங்கள், நீங்கள் வேலை பார்த்த பஸ் டிப்போவின் மேனேஜரிடம் போய் நின்று அவளுக்கு ஒரு வேலை கேட்டு வாங்கினீர்கள். முதல் நாளே அவள் அங்கே போகாமல் டிவி நிலையத்துக்குக் குரல் தேர்வுக்குப் போய்விட்டாள். நீங்கள் மதியம் வரை டிப்போ வாசலில் நின்றீர்கள். சாயங்காலம், "நேரம் தெரியாதவங்களுக்கு இந்த வீட்ல இடம் இல்ல" என்றீர்கள். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதானே அப்பா?

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
பெரியவன்


மார்ச் 6

பெரியவனுக்கு,

கடிதமும் சிடியும் ஒரே நாளில் வந்தன. உன் கைச் சூட்டை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. கடிதத்தை அவளே எடுத்துப் படித்துவிட்டாள். ஆறிவிட்டதா என்று உடனே எழுது. முழங்காலை டாக்டரிடம் காட்டினேன். வயது என்றார். அதைச் சொல்ல ஒரு டாக்டர்.

கடிதத்தின் பின்பாதியை நான் படிக்கவில்லை.

கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்த தூசி ஒரு தலையணைக்குத் தேறும். சிடி போடும் தட்டுக்கு அடியில் நிமிர்த்திய கொண்டை ஊசி ஒன்று கிடந்தது. தட்டு சிக்கிக்கொண்டால் அதன் ஓட்டையில் குத்தித் திறக்க நம் வீட்டில் ஒரு ஆள் வைத்திருந்தது. தட்டு இப்போதும் சிக்குகிறது. நானும் அதே ஊசியால்தான் திறக்கிறேன்.

ரேடியோக் கடைக்காரர் பச்சை அட்டையைச் செருகும்போது மூச்சை அடக்கிக்கொண்டார். அவரைப் பார்த்து நானும் அடக்கிக்கொண்டேன். ஹார்ட் டிஸ்க் யாரோ ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரருடையதாம், அழித்துத் தந்தார். விசிறி சத்தம்தான் அதிகம். டிப்போவில் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டே நிற்கும் வண்டிகள் உண்டு, கடைசிவரை புறப்படாது, அந்த மாதிரி. பேட்டரி மாற்றி, சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து மணி வைத்து, ஆறரையிலிருந்து ஏழு வரை என்று சொல்லிவிட்டேன். நடை முடிந்து வந்து பார்த்தால் சொன்னபடி பிடித்து வைத்திருந்தது. கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை உன் அம்மா டீயோடு உட்கார்ந்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். தொடக்கத்தில் சீரியலே இல்லை. பயணிகள் செய்தி என்று ஒன்று ஓடுகிறது. நாளைக்கு மழை உண்டா, எந்தச் சாலையை மூடியிருக்கிறார்கள், எந்த பஸ் தாமதம் என்று ஒரு பெண் நின்றுகொண்டு சொல்கிறாள். அது முடிந்த பிறகுதான் சீரியல். அதிலும் அந்தக் கிழவர், "இன்னிக்கு உண்மைய சொல்லிடறேன்" என்று வாயைத் திறந்த இடத்தில் நின்றுவிட்டது. தினமும் இதே கூத்து. முன்னால் வேண்டாதது வருகிறது, பின்னால் வேண்டியது வருவதில்லை. உன் கம்ப்யூட்டருக்கு அப்படி என்ன அவசரம்?

உன் அம்மா டீயைக் குடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு அடுப்பை அணைக்கப் போனேன். அது ஏற்கனவே அணைந்துதான் இருந்தது.

கோளாறு எங்கே என்று எழுது.

இப்படிக்கு,
அப்பா


ஏப்ரல் 2

அப்பாவுக்கு வணக்கம்.

கை ஆறிவிட்டது, தழும்புகூட இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இங்கே கடல் அமைதி, எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது. உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கியிருக்கிறேன், அடுத்த துறைமுகத்திலிருந்து அனுப்புகிறேன்.

கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, என் புத்தியில். சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து மணி வையுங்கள் என்று எழுதினேனே, என்னைச் சொல்ல வேண்டும். வீட்டை விட்டு இத்தனை வருஷம் வெளியே இருந்ததில் நம் வீட்டு மணி ஊர் மணிக்குப் பத்து நிமிடம் முந்தி என்பது எனக்கு மறந்துவிட்டது. உங்களுக்கு அது நினைவுக்கே வராதபடி பழகிவிட்டது. இந்தத் தவறைச் செய்ய ஊரில் வேறு யாராலும் முடியாது. நம் ஆறரைக்கு, அதாவது ஊர் ஆறு இருபதுக்கு, கம்ப்யூட்டர் விழித்துக்கொள்கிறது. நம் ஏழுக்கு, கதைக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போதே, படுத்துவிடுகிறது. பாவம், சொன்னதைத்தான் செய்கிறது.

திரை ஓரத்தில் மணியை இரண்டு முறை தட்டினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். பத்து நிமிடம் குறைத்துவிடுங்கள். கிழவர் உண்மையைச் சொல்லிவிடுவார்.

வீட்டுக் கடிகாரங்களை எப்போது முந்தி வைத்தோம் என்று யோசித்தேன். சின்னவள் தினமும் பள்ளிக்கூட பஸ்ஸைத் தவறவிட்ட வருஷம். "டைம்கீப்பர் பொண்ணு லேட்டுன்னு ஊரே சிரிக்குது" என்று நீங்களே நாற்காலி போட்டு ஏறி எல்லாவற்றையும் திருகினீர்கள். அவள் போன பிறகு யாருக்காக அவை இன்னும் முந்தி ஓடுகின்றன என்று நான் கேட்கவில்லை, அது சட்டத்தில் வந்துவிடும். அந்தப் பயணிகள் செய்தி சொல்லும் பெண்ணைக் கவனித்தீர்களா என்று மட்டும் கேட்கிறேன். அவளைப் பற்றிச் சட்டம் எதுவும் இல்லையே?

உங்கள்,
பெரியவன்


ஏப்ரல் 24

பெரியவனுக்கு,

உன் கை ஆறியதில் சந்தோஷம். தைலம் வந்தது. வாடையில் கொசு வருவதில்லை, வலி இருக்கிறது. உன் அம்மா நலம்.

கடிகார விஷயத்தை நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? ஆயுசெல்லாம் டைம்கீப்பராக உட்கார்ந்தவன். ரெக்கார்டுக்கு மேலே ஆறு முப்பது என்று கம்ப்யூட்டர் எழுதி வைக்கிறது, பயணிகள் செய்தி ஆறு இருபதுக்கு என்று பேப்பரில் போட்டிருக்கிறது. எனக்குக் கழிக்கத் தெரியாதா? இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். அந்தச் சிறு பெட்டியும் திறந்தது. ஆனால் ஓடுகிற வண்டியில் கை வைக்காதே என்பது டிப்போவில் படித்த பாடம். இப்போது ஓடுகிறது, நாளைக்கு நின்றுபோனால் உன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? அவளிடமே கேட்டேன். "கதை முடிவு வேணாமா?" என்றேன். "அது எங்க போகப்போகுது, இருக்கட்டும்" என்றாள். கதையின் முடிவு வேண்டாம் என்று சொன்ன பொம்பளையை நான் இதுவரை பார்த்ததில்லை. சரி, இருக்கட்டும்.

நீ கேட்ட அந்தப் பெண்ணை நான் கவனித்துப் பார்க்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் நீலத்தில் வருகிறாள். இளைத்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை, ஏழாம் நம்பர் பஸ் பழைய பாலத்தின் வழியாகப் போகும் என்று சொன்னாள். போகாது, அந்தப் பாலத்தில் கனமான வண்டி ஏறக் கூடாது. யாரோ தப்பாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அவள் மேல் பிழை இருக்காது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆறு இருபது என்றால் ஆறு இருபதுக்கு வந்து நிற்கிறாள். ஒரு நாளும் தவறவில்லை.

இப்போது ஒரு உதவி. ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்கிறது. பழையதை அழிக்கட்டுமா என்று கேட்கிறது. எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். ஒவ்வொரு நாள் ரெக்கார்டிலும் முதல் பத்து நிமிடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட வழி இருக்கிறதா? இருந்தால் எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

இப்படிக்கு,
அப்பா


மே 15

அப்பாவுக்கு வணக்கம்.

நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். தைலம் கொசுவுக்காவது உதவியதே.

வழி இருக்கிறது. அதே மென்பொருளில் கத்தரிக்கோல் படம் ஒன்று இருக்கும். ரெக்கார்டைத் திறந்து, பயணிகள் செய்தி முடியும் இடத்தில் நிறுத்துங்கள். கத்தரிக்கோலைத் தட்டினால் அங்கே ஒரு கோடு விழும். கோட்டுக்கு வலது பக்கத்தைத் தொட்டு அழித்துவிட்டு, சேமி என்பதைத் தட்டுங்கள். அவசரத்தில் இடது பக்கத்தை அழித்துவிட வேண்டாம், அழித்தால் திரும்பி வராது. முதலில் உங்களுக்கு வேண்டாத ஒரு நாளில் பழகிப் பாருங்கள்.

வேண்டாத நாள் ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஏன் என்று கேட்கவில்லை. கவனித்துப் பார்க்காதவருக்கு இளைத்தது எப்படித் தெரிந்தது என்றும் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது? அடுத்த பயணம் நீண்டது, நடுவில் துறைமுகம் இல்லை. பதில் தாமதமானால் கவலைப்பட வேண்டாம்.

உங்கள்,
பெரியவன்


ஜூன் 20

பெரியவனுக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. கத்தரிக்கோல் நன்றாக வேலை செய்கிறது. முதல் நாள் இடம் தப்பி, சீரியல் கிழவரின் காது ஒன்று ஒட்டிக்கொண்டது. இப்போது பழகிவிட்டது. காலையில் அதுதான் என் முதல் வேலை.

பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். பயணிகள் செய்திக்கு வேறு பெண் வந்திருக்கிறாள். ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. புதியவளைக் குறை சொல்லக் கூடாது, ஆனால் பஸ் நம்பரை டெலிபோன் நம்பர் மாதிரி வாசிக்கிறாள். பழையவள் என்ன ஆனாள்? அதற்கு முன்பே குரல் சரியில்லை. நடுநடுவே கம்மியது. நான் டிவியின் ஸ்பீக்கரில் கோளாறோ என்று நினைத்து ஒயரை எல்லாம் கழற்றி மாட்டினேன். ஸ்பீக்கரில் கோளாறு இல்லை.

இப்படியெல்லாம் மாற்றுவது அங்கே வழக்கம்தானா? உனக்குத் தெரிந்திருக்கும் என்று எழுதினேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


ஜூலை 4

பெரியவனுக்கு,

உன் பதில் வரவில்லை. நடுவில் துறைமுகம் இல்லை என்று நீ எழுதியது ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

புதிய பெண்தான் இன்னும் வருகிறாள். உன் அம்மா ரெக்கார்டைப் போட்டுப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். சீரியல் அதே சீரியல்தான், அந்தக் கிழவரும் உயிரோடுதான் இருக்கிறார். ஆனால் டிவிப் பக்கமே திரும்புவதில்லை. இருவரும் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறோம்.

நேற்று நடைக்குப் போகவில்லை, பஸ் ஏறி டிவி நிலையத்துக்குப் போனேன். வாசலில் ஒரு வாட்ச்மேன், வயதானவர், மரியாதையாகப் பேசினார். பயணிகள் செய்தி சொல்லும் பெண் ஏன் வருவதில்லை என்று கேட்டேன். "அவங்களா? தொண்டையில ஆபரேஷன் சார். குரலே வரலைன்னு சொல்றாங்க. லீவுல இருக்காங்க" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க அவங்களுக்கு யாரு?" என்றார்.

"டிவில பாக்கறவன்" என்றேன்.

அவர் தன் நாற்காலியைத் தந்து தண்ணீர் கொடுத்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ. திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

பெரியவனே, எனக்குப் பயமாக இருக்கிறது. உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கிடைத்ததும் எழுது.

அப்பா


ஜூலை 26

அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமில்லை என்பது தெரிகிறது. இரண்டு கடிதமும் இன்று கரைக்கு வந்ததும் ஒன்றாகக் கிடைத்தன. சின்னவள் எழுதியதும் கூடவே இருந்தது. சட்டத்தை இனி என்னால் காப்பாற்ற முடியாது, மீறுகிறேன்.

முதலில் பயத்தை விடுங்கள். குரல் நாணில் சின்ன முடிச்சுகள், எடுத்துவிட்டார்கள். பேசிப் பிழைக்கிறவர்களுக்கு வருகிற வியாதியாம். குரல் திரும்பிவிடும் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதக் கடைசி வரை மட்டும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவள் ஒரு வார்த்தை பேசாமல் இருக்கிறாள் என்பதை நம்புவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், எனக்கும்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பயணிகள் செய்தி ஒரு நாளில் நான்கு முறை உண்டு. காலை நேரம்தான் எல்லாரும் பார்ப்பது, அதைத்தான் முதலில் அவளுக்குத் தர வந்தார்கள். ஆறு இருபதைக் கேட்டு வாங்கியது அவள். ஏன் என்று அப்போதே எனக்கு எழுதினாள்: "நம்ம வீட்ல ஆறரைன்னா அங்க ஆறு இருபதுதானே அண்ணா. அப்பா நடைக்குப் போயிருப்பார், அம்மா ஆறரைன்னு மணி பார்த்து டிவியைப் போட்டா நான் வந்து நிப்பேன்." அவள் நினைத்தபடியே ஒரு நாள் அம்மா டிவியைப் போட்டாள். அன்றிலிருந்துதான் அம்மாவுக்குச் சீரியல் பைத்தியம் பிடித்தது. அந்தக் கிழவர் யாருக்கு யார் என்று அம்மாவுக்கு ஏன் தெரியவில்லை என்று இப்போது புரிகிறதா? ஷிப்ட் மாறியபோது அம்மாவுக்குப் போனது சீரியல் இல்லை. நீங்கள் தெரியாமல் செய்த தவறுதான் அதைத் திருப்பிக் கொடுத்தது.

நீங்கள் பார்க்கிறீர்கள் என்பது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அவள் இருக்கும் இடத்தை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சைக்கிள் கடைக்கு மேலே, முதல் மாடி. ஏழாம் நம்பர் பஸ் போகும். எந்த வழியாகப் போகும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அம்மாவுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள்,
பெரியவன்


ஆகஸ்ட் 13

அண்ணனுக்குச் சின்னவள் எழுதுவது.

பேசத்தான் தடை, எழுதத் தடை இல்லை. அதனால் நான் சுகம் என்பதை நான்கு பக்கத்துக்குக்கூட எழுதுவேன். நீ எப்படி இருக்கிறாய்? கைச் சூட்டை எனக்கு மட்டும் ஏன் எழுதவில்லை? அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

ஆமாம், அம்மா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. சைக்கிள் கடைக்காரர் என்று நினைத்துத் திறந்தேன். அப்பா நின்றார். தோளில் துணியால் சுற்றிய ஒரு பெரிய மூட்டை. வலது காலைப் படியில் வைக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் அம்மா, கீபோர்டைப் பச்சைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு. அம்மா என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். நானும் அழுதேன், சத்தம் வராமல். அப்பா உள்ளே வந்து, டிவி எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தார்.

மூட்டையில் உன் பழைய கம்ப்யூட்டர். என் டிவியை நகர்த்தி, பின்னால் ஒயரைச் செருகினார். ஒரு தடவை தப்பான ஓட்டையில் செருகி, கழற்றி, மறுபடி செருகினார். நான் உதவிக்குப் போனேன், கையைக் காட்டித் தடுத்துவிட்டார். விசிறி ஓடத் தொடங்கியதும் கீழே சைக்கிள் கடையில் வேலையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள்.

திரையில் நான் வந்தேன். வணக்கம் சொன்னேன், மழை பெய்யும் என்றேன், எந்தச் சாலை மூடியிருக்கிறது என்றேன். அது முடிந்ததும் அடுத்த நாள் நான், அதற்கடுத்த நாள் நான். முன்னாலும் பின்னாலும் வேறு எதுவும் இல்லாமல், நான் மட்டும். ஓரிடத்தில் மட்டும் யாரோ ஒரு கிழவரின் காது வந்துபோனது. அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு புதிய டிரைவரின் வண்டியில் ஏறியவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் நான் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தேன், அறையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு டாக்டர் தடை போட்டிருந்தார். அப்பாவுக்கு யார் போட்டது என்று தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்தபோது அப்பா முதல் முறையாகப் பேசினார். "ஏழாம் நம்பர் பழைய பாலத்துல போகாது."

நான் சிலேட்டில் "திருத்திக்கறேன்" என்று எழுதிக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். மறுபடி திரையைப் பார்த்தார். மூன்று வருஷம் என் மேல் கோபமாக இருந்தவர் என்று நான் நினைத்திருந்தேன். நானும் குறைச்சலாகக் கோபப்படவில்லை அண்ணா. அதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று நான் சிலேட்டை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஒரு நாள்கூட லேட் இல்ல" என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் சிலேட்டைத் துடைத்து ஓரமாக வைத்துவிட்டேன்.

கிளம்பும் நேரம் வந்தது. கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும், குரல் வரும்வரை கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி. அம்மா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து, "நேரமாச்சு, பஸ் போயிடும்" என்றாள். அப்பா எழுந்தார். சுவரைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

இந்த அறைக்குக் குடிவந்த அன்றே அந்தக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முந்தி வைத்தவள் நான்தான். வேறு மாதிரி மணி பார்க்க எனக்குப் பழக்கம் இல்லை.

அப்பா கைக்கடிகாரத்தின் மேல் சட்டைக் கையை இழுத்துவிட்டார்.

"இது சரியாத்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
சின்னவள்